ஐந்து நாள் சும்மா கொடுத்த ஜெயக்கொடி

செய்தி வந்தபோது கண்டமங்கலம் பக்கம் ஒரு கொல்லையில் போர்வெல் மோட்டாரை மேலே தூக்கிக்கொண்டிருந்தோம். பாதிக் குழாய் வெளியே, பாதி பூமிக்குள்ளே. சங்கிலியை விட்டால் மொத்தமும் உள்ளே போய்விடும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "சொல்லு மாப்ளே" என்றேன். திண்டிவனத்திலிருந்து குப்புசாமி. ஜெயக்கொடியின் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர்.

"மச்சான், உன் தங்கச்சி போயிட்டா. கடை ஷட்டரைத் தூக்கும்போதே உட்கார்ந்துட்டாளாம். நான் பஸ்ஸுல, டிரிப்புல இருந்தேன்."

நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். மோட்டார் முழுசாக மேலே வந்து தரையில் படுத்த பிறகுதான் எனக்கு அழ நேரம் கிடைத்தது. நெஞ்சுவலி என்றார்கள். நாற்பத்தேழு வயது.

ஜெயக்கொடி என் உடன்பிறந்த தங்கை இல்லை. திண்டிவனம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருந்தவர். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, காணாமல் போன பத்திரம் என்று பகலெல்லாம் அடுத்தவர் மனுவை அடிப்பார். மனுக்களுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில், ரேஷன் கடையில் பில் போடும் பார்வதி என்கிற பெண் துப்பறியும் கதைகளை எழுதினார். நான்கு மின்னூல்கள். பதிப்பாளர் யாரும் கிடையாது. எழுதியவரும் அவரே, அட்டை போட்டவரும் அவரே, கூவி விற்றவரும் அவரே. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இப்படித் தாமே நூல் போடும் முப்பது பேரைச் சேர்த்து ஒரு போன் குழு வைத்திருந்தார். அந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்பு, அதுவும் கணக்கில் இரண்டாவது தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் படித்துவிடுங்கள்.

அவரிடம் நான் போனது மூன்று நோட்டுப் புத்தகங்களோடு. ஊர் ஊராக மோட்டார் பார்க்கப் போன இடத்தில் நடந்த வேடிக்கைகளை எழுதி வைத்திருந்தேன். என் மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இதை யாராவது டைப் பண்ணினா நல்லாயிருக்கும். உன் கையெழுத்தைப் படிச்சு எனக்குக் கண்ணாடிப் பவர் ஏறிடுச்சு" என்றாள். ஜெயக்கொடி அடிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்திலேயே சிரிப்பு. மனு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இன்னாம்மா, என் பட்டாவுல அவ்ளோ காமெடியா இருக்குது?" என்று கோபித்துக்கொண்டார்.

'மோட்டார் நின்ன கதைகள்' என்று பெயர் வைத்து ஓர் ஆன்லைன் கடையில் மின்னூலாக ஏற்றினோம். முதல் மாதம் மூன்று பிரதி விற்றது. ஒன்று என் மகள், ஒன்று மகளின் தோழி. மூன்றாவது யார் என்று ஒரு வாரம் பூரித்துப்போயிருந்தேன். நானேதான். சரியாக விற்கிறதா என்று சோதித்துப் பார்த்தது.

"அஞ்சு நாள் சும்மா குடுண்ணா" என்றார் ஜெயக்கொடி. அந்தக் கடையில் மூன்று மாதத்துக்கு ஐந்து நாள் நூலை இலவசமாக விடலாம்.

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "ரெண்டு வருஷம் எழுதினது. ஓசியில குடுத்தா எவன் மதிப்பான்?"

"மார்க்கெட்டுல மல்லாட்டை வாங்கப் போறே. மூட்டையில கைய விட்டு நாலு உரிச்சு வாயில போட்டுக்கினுதானே விலை கேக்கறே? அதுக்கு அவன் உன்னை மதிக்கலையா, நீ அவனை மதிக்கலையா?"

"நாலு கடலைதான் தின்னுவேன். மூட்டையே குடுக்கச் சொல்றியே."

"உனக்கு இருக்கறது ஒரு மூட்டைதான். அதான் பேஜாரு. இன்னொண்ணு எழுது. ஒண்ணைக் குடு, இன்னொண்ணை வித்துக்க."

அவருடைய முறை இதுதான். பார்வதி கதையின் முதல் நூலைத்தான் இலவசமாக விடுவார். மற்ற மூன்றுக்கும் விலை உண்டு. முதல் நூலின் கடைசியில் இரண்டாவது நூலின் முதல் அத்தியாயத்தை ஒட்டி வைத்திருப்பார். ரேஷன் கடைப் பூட்டு திறந்தபடி கிடக்கும், பார்வதி உள்ளே காலை வைப்பாள், அத்தோடு முடிந்துவிடும். "படிச்சவன் ராத்திரி தூங்கக் கூடாதுண்ணா" என்பார். அவர் நாவலை நான் முதலில் சும்மாதான் இறக்கினேன். மீதி மூன்றையும் காசு கொடுத்துத்தான் படித்தேன். நானே மல்லாட்டை தின்ற ஆள்தான்.

இரண்டாவது புத்தகமும் எழுதி முடித்து, முதலாவதை இலவசமாக விட்ட நாளில் நான் செய்த காரியம் குழுவில் இன்னும் பேச்சாக இருக்கிறது. நல்ல காரியம் ஆயிற்றே என்று நாட்காட்டித் தாளைக் கிழித்து நல்ல நேரம் பார்த்தேன். காலை ஆறிலிருந்து ஏழரை. அனந்தபுரத்துச் சித்தப்பா தொடங்கி சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன்: 'நாளைக் காலை ஆறு முதல் ஏழரைக்குள் இறக்கிக்கொள்ளவும், முற்றிலும் இலவசம்.' அந்த ஆன்லைன் கடைக்கு நாள் பிறப்பது அமெரிக்காவில் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அங்கே நடுராத்திரி அடிக்கும்போது நமக்கு மத்தியானச் சோறு. காலையில் பதினோரு பேர், நம்ம ஆளு புத்தகம், ஓசிதானே என்று விலையைப் பார்க்காமலே அழுத்திவிட்டார்கள். காசு போய்விட்டது.

சித்தப்பா போனில் கத்தினார். "ஏண்டா, ஓசின்னு கூப்பிட்டு வெச்சு ஜேப்புல கைய விடறியா? ஒங்கப்பன் கூட இப்படிப் பண்ணலடா!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜெயக்கொடியின் கடைக்குப் போனேன். அவர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உலகத்துலயே ஓசி நாளன்னிக்குக் காசுக்கு வித்த ஒரே ஆளு நீதாண்ணா!"

ஆனால் ஒன்று. அந்தப் பதினோரு பேரும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தார்கள். சித்தப்பா ஒவ்வொரு கதைக்கும் போன் பண்ணித் திட்டினார். அதைச் சொன்னபோது ஜெயக்கொடி அடித்துக்கொண்டிருந்த மனுவை நிறுத்தினார். "காசு குடுத்தவன் கோவத்துலயாவது படிச்சுடறான். சும்மா வாங்கறவன்ல பாதிப் பேரு தொறக்கவே மாட்டான். அது எனக்கும் தெரியும்ணா. தொறக்கற மீதிப் பேருக்காகத்தான் குடுக்கறேன்." தன் முறையில் இருக்கிற ஓட்டையை அவர் மறைத்ததில்லை. அவருடைய முதல் நூலுக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டு 'ஓசிக்கே அதிகம்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தன் மேசைக்கு மேலேயே ஒட்டி வைத்திருந்தார். மனு அடிக்க வந்தவர்கள், கடைக்கு ஏதோ விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விழுப்புரத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. நானும் அவரும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் ஒரு பெரியவர், இலவசமாக மின்னூல் கொடுக்கிறவர்கள் எழுத்தையே இழிவுபடுத்துகிறார்கள், தெருவில் நோட்டீஸ் விநியோகிப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்று பேசினார். கைதட்டல். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது தட்டிவிடுவது என் பழக்கம். பக்கத்தில் பார்த்தால் ஜெயக்கொடி எழுந்து நிற்கிறார்.

"ஐயா, இப்ப மேடையில இருக்கறவங்க அத்தினி பேருக்கும் பொன்னாடையோட புத்தகம் குடுத்தீங்களே, அது காசுக்கா?"

"அது மரியாதைப் பிரதி அம்மா."

"அதேதாங்க நானும் குடுக்கறேன். நீங்க தெரிஞ்ச பெரிய மனுஷனுக்குச் சும்மா குடுக்கறீங்க. நான் மூஞ்சி தெரியாதவனுக்குச் சும்மா குடுக்கறேன். அவனுக்கும் மரியாதை இருக்குதுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் தட்டவில்லை. நான் தட்டினேன், தனியாக. என் வாழ்க்கையில் நானாக முடிவெடுத்துத் தட்டியது அது ஒன்றுதான்.

இனி, குழுவில் சிலர் என்மேல் இன்னும் வருத்தமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயக்கொடி இறப்பதற்கு முன்பே முதல் நூலுக்கு அடுத்த ஐந்து இலவச நாட்களைக் குறித்து வைத்திருந்தார். அது தொடங்குகிற நாள் அவருடைய கருமாதி நாளாக வந்து விழுந்தது. பதினாறாம் நாள். குழுவில் பெரும்பாலோர், கறுப்புப் பட்டையோடு அவர் படத்தை மட்டும் வைப்போம், யாரும் இலவச அறிவிப்பைப் பகிர வேண்டாம் என்றார்கள். நான் திண்டிவனம் போனேன். வீட்டில் ஜெயக்கொடியின் சொந்த அண்ணன் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாவு வூட்ல ஓசி விளம்பரமா? ஊரு இன்னா பேசும்? அந்தத் தேதிய எடுத்துடுங்க. தேதி மட்டும் இல்ல, மொத்தப் புத்தகத்தையும் எடுத்துடுங்க. கொலை, திருட்டுன்னு எழுதிக்கினு இருந்தா. அவளே இல்ல, இனிமே அது எதுக்கு?"

கடைக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் குப்புசாமி கையில். அவர் அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டால் நான்கு நூல்களும் ஒரு மத்தியானத்தில் இல்லாமல் போய்விடும். எனக்கு வாதாட வராது. மோட்டார் ஏன் சுற்றவில்லை என்று சொல்லத்தான் வரும். ஆனாலும் சொன்னேன்.

"அண்ணே, கருமாதிக்கு எத்தினி பேருக்குச் சோறு போடறீங்க?"

"முந்நூறு பேருக்கு. அதுக்கு இன்னா?"

"காசு வாங்கிக்கினா?"

"யோவ், மூஞ்சியப் பாரு. அவ பேரைச் சொல்லிப் போடற சோறுய்யா அது."

"இதுவும் அவ பேரைச் சொல்லிப் போடறதுதான். அதுவும் அவளே சமைச்சது. சோத்தை நீங்க போடுங்க, இதை நாங்க போடறோம்."

அவர் என்னை முறைத்தார். நான் குனிந்துகொண்டேன். தைரியம் எனக்கு ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம்தான் தாங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்புசாமி, "எதையும் எடுக்க வேணாம்" என்றார். "அவ வெச்ச தேதி. அப்படியே இருக்கட்டும்."

கருமாதியன்று மத்தியானம், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே நூல் இலவசமானது. நான் இலைக்கு எதிரே உட்கார்ந்து குழுவில் முதல் ஆளாகப் பகிர்ந்தேன். நீங்கள் யாரும் பகிர மாட்டீர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகப் பகிர்ந்தீர்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் உட்பட. சாம்பார் காரத்தில் நாக்கோடு சேர்ந்து என் கண்ணும் எரிந்தது.

பக்கத்து இலையில் இருந்த குப்புசாமியின் போனை வாங்கி, "மாப்ளே, உனக்கும் இறக்கித் தரட்டுமா? இன்னிக்குச் சும்மாதான்" என்றேன்.

"எனக்கு வேணாம் மச்சான்."

"நீ படிச்சதே இல்லையா?"

"இல்ல. ஒரு தபா கேட்டேன். ஊருக்கெல்லாம் சும்மா குடுக்கறியே, எனக்கும் ஒண்ணு குடேன்னேன். 'நீ மட்டும் காசு குடுத்து வாங்கு மாமா, அப்பத்தான் எனக்குப் பெருமை'ன்னா. பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லிக்கினே நாள் ஓடிப்போச்சு." பாயாச டம்ளரை இலையில் கவிழ்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இந்த அஞ்சு நாள் போவட்டும்."

ஆறாம் நாள் போன் பண்ணினார். செங்கல்பட்டில் வண்டி நிற்கிறது, எப்படி வாங்குவது என்று சொல்லு என்றார். எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வழியில் ஒரு பொத்தானில் தடுக்கி, இரண்டு முறை ஆரம்பத்திலிருந்து வந்தோம். கடைசியில், "வந்துடுச்சு" என்றார். பயணிகள் ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் அதிகாலையில் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'ரெண்டாவது எப்படி வாங்கறது?'

ஜெயக்கொடியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், வெட்கம் விட்டதுதான். முன்பெல்லாம் வேலைக்குப் போகிற இடத்தில் நான் எழுதுகிறவன் என்று சொல்ல மாட்டேன். சிரிப்பார்கள் என்று பயம். போன வாரம் மண்டகப்பட்டில் ஒரு மோட்டாரை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கொல்லைக்காரரிடம் நேராகச் சொன்னேன்: "அண்ணே, நான் ரெண்டு புத்தகம் எழுதியிருக்கேன். ஒண்ணு இந்த வாரம் சும்மா. பிடிச்சா இன்னொண்ணை வாங்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓசியில குடுக்கறேன்னா அது எப்படி இருக்கும்?"

"படிச்சிட்டுச் சொல்லுங்க" என்றேன். "நம்பரைக் குடுங்க, அனுப்பறேன்."