தொண்டிக்குப் போன சனிக்கிழமை

கடலைப் பார்ப்பதற்கு வெகு நாள் முன்பே எனக்குக் கடல் மேல் பயம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் அண்ணன். அவனும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவனைப் போலப் பேசுவதில் காரைக்குடியில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, காட்டினால் ஓசைப்படாமல் வந்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லியிருந்தான். ஆளைக் கொண்டுபோன பிறகு செருப்பை மட்டும் கரையில் ஒதுக்கிவிடுமாம். எனக்குச் செருப்பே கிடையாது. என்னைக் கொண்டுபோனால் அடையாளம்கூட மிஞ்சாதே என்று படுத்தபடி யோசித்திருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அடுத்த வீட்டுச் சிவகாமியும் நானும் ஒரே வகுப்பு. அவள் அம்மாவை நான் அத்தை என்பேன். ரத்த உறவு ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர் இருந்தது, அவ்வளவுதான். சிவகாமியின் அப்பா ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுத இலங்கைக்குப் போனவர். அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போனார். எங்கள் ஊரில் அது அதிசயம் இல்லை. பாதி வீடுகளில் ஆண்கள் ரங்கூனிலோ கண்டியிலோ இருந்தார்கள். வருவார்கள், போவார்கள். இவர் மட்டும் வரவில்லை.

அந்த வருஷம் இலங்கையிலிருந்து திரும்பிய ஒருவர் அத்தையிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பெரியவர்கள், "அவரு அங்குட்டே நெலச்சுட்டாராம்" என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நிலைத்துவிட்டார் என்றால் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். நல்ல செய்திதானே, இதற்குப் போய் அத்தை ஏன் அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை. "உங்கப்பாவுக்கு வேலை நெலச்சிருச்சாமே" என்று சொல்லி சிவகாமியைச் சந்தோஷப்படுத்தவும் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சிவகாமி பட்டுப் பாவாடை சரசரக்க ஓடி வந்தாள்.

"ஏய், கடல் பாக்கப் போறோம். தொண்டிக்கு. நீயும் வா!"

பின்னாலேயே அத்தை வந்து வாசலில் நின்றாள். கையில் தூக்குச்சட்டி. அம்மா கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன மதினி, திடுதிப்புன்னு கெளம்பிட்டீக?"

"இவ கடலு கடலுன்னு உசிரை வாங்குறா. இன்னைக்குப் பள்ளிக்கூடமும் இல்ல. உங்க பிள்ளையையும் அனுப்புங்க, இவளுக்குத் தொணையா இருக்கும். பொழுது சாய வந்துருவாக."

சிவகாமி ஒருநாளும் கடலைக் கேட்டு உயிரை வாங்கியது எனக்குத் தெரிந்து இல்லை. அம்மா மறுத்துவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அத்தை தலை வாரிப் பூ வைத்திருந்தாள். "போயிட்டு வரட்டும் மதினி. உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் என் காதருகே வந்து, "முதுகு, ஞாபகம் வச்சுக்க" என்று மட்டும் சொன்னான்.

மோட்டார் பஸ்ஸில் தேவகோட்டை தாண்டும்வரை அண்ணன் சொன்னது நினைவில் இல்லை. ஜன்னலோரம் யார் என்பதில் எனக்கும் சிவகாமிக்கும் சண்டை. திருவாடானையில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். அங்கிருந்து காற்றின் வாடை மாறியது. மண் வெளுத்தது. பனைமரங்களைத் தவிர வேறு எதையும் காணோம். அத்தை நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மடியில் என் கை இருந்தது. அதை அவள் வலிக்கும்படி பிடித்திருந்தாள். அவளுக்கும் கடல் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.

கடல் எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அலையே இல்லை. மழைக்காலத்தில் எங்கள் கண்மாய் தளும்பிக் கிடக்குமே, அப்படிக் கிடந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று மூச்சு விட்டேன். பிறகு வழக்கம்போல எதிர்க்கரையைத் தேடினேன். அக்கரை இல்லை. எங்கே பார்த்தாலும் இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்து வானத்தோடு சேர்ந்துகொண்டது. அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் நான் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடந்தேன். சிவகாமி சிரித்தாள்.

கரையோரப் பனைமரம் ஒன்றின் நிழலில் அத்தை எங்களை உட்காரவைத்தாள். தூக்குச்சட்டியிலிருந்த புளிச்சோற்றை உருட்டி உருட்டி எங்கள் கையில் வைத்தாள். போதும் போதும் என்றாலும் விடவில்லை. அவள் சாப்பிடவில்லை. பிறகு, காற்றில் கலைந்திருந்த சிவகாமியின் தலையை அவிழ்த்து, மெதுவாக வாரி, இறுக்கிப் பின்னினாள். வேகமாகப் பின்னுகிறவள் அன்றைக்கு ஏன் இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று சிவகாமிக்கே சலிப்பு வந்துவிட்டது. "விடும்மா, சிப்பி பொறுக்கணும்" என்றாள்.

கொஞ்ச தூரத்தில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு பெரிய தோணி நின்றது. ஆட்கள் தண்ணீரில் நடந்து போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்த வெள்ளாடுகள் ஓயாமல் கத்தின. அது யாழ்ப்பாணம் போகிற தோணி என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் அத்தையிடம் சொன்னார்.

அத்தை எழுந்து என் முன்னால் குனிந்தாள்.

"தோணிக்காரவுககிட்ட இவ அப்பாவைப் பத்தி விசாரிச்சுட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் இங்குட்டே இருங்க. நெழலை விட்டு நகரக் கூடாது. நீதான் வெவரமானவ. இவ கையை விட்டுறாத, என்ன?"

சரி என்றேன். என்னை விவரமானவள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அத்தை சிவகாமியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு என்று அவள் குறைந்துகொண்டே போனாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவள் கரைக்கு முதுகைக் காட்டிப் போனாள். அதற்கு என்ன விதி என்று அண்ணன் சொல்லியிருக்கவில்லை.

தோணியிலிருந்து ஒரு கை நீண்டது. அத்தை மேலே ஏறினாள். பிறகு ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவே அவளைக் காணவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். சிவகாமி பொறுக்கிய சிப்பிகளை மணலில் பரப்பினாள். மூட்டை தூக்கிய ஆட்கள் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். தோணியில் யாரோ கூவினார்கள். கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. மடித்துக் கட்டியிருந்த பாய் அவிழ்ந்து, படபடவென்று அடித்து, காற்றை வாங்கி விரிந்தது.

"எங்கம்மா இன்னும் எறங்கலையே" என்றாள் சிவகாமி.

பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியவர்களையும் பிடிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அத்தையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்! ஏமாற்றி ஏற்றிவிட்டுப் பாயை விரித்துவிட்டார்கள்! கத்த வேண்டும் என்று நினைத்தேன். சத்தம் வரவில்லை.

சிவகாமி என் கையை உதறிவிட்டு ஓடினாள். "அம்மா! அம்மா!" என்று தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினாள். கையை விடாதே என்றல்லவா சொல்லியிருந்தாள் அத்தை. நானும் ஓடினேன். கடலுக்குள் இறங்குகிறேன் என்பதே முழங்கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. காலுக்கடியில் மணல் நழுவியது. ஏதோ வழவழவென்று உள்ளங்காலில் பட்டது. அழுதுகொண்டே போனேன். எனக்கு முன்னால் சிவகாமியின் தலை தெரிந்தது. அடுத்த கணம் தெரியவில்லை. தோணிகள் வந்து போவதற்காக அங்கே ஒரு பள்ளம் ஓடியிருக்கிறது. அவள் அதில் கால் வைத்துவிட்டாள்.

தண்ணீருக்கு மேலே சடை மட்டும் மிதந்தது. நான் அதைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளத்து விளிம்பில் நின்று, பின்னால் சாய்ந்தேன். என் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. உப்புத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. அப்போதுதான் எனக்குக் குரல் திறந்தது.

"அத்தே! அத்தே!"

அந்தக் கத்தல் எனக்கே அந்நியமாக இருந்தது. தோணியில் ஆடுகள் சிதறின. அத்தை குதித்தது தெரிந்தது. அவளுக்கு முன்னால் தாடி வைத்த ஒரு பெரியவர், அந்தத் தோணியை ஓட்டுகிறவர், குதித்து நீந்தி வந்தார். சிவகாமியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலுமாக அள்ளிக்கொண்டு கரையில் கொண்டுவந்து போட்டார். சிவகாமியைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். அவள் தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கின.

அத்தை ஓடிவந்து சிவகாமியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அவளை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் சரிந்தாள். அவள் அழுததை அழுகை என்று சொல்ல முடியாது. மாடு அடித்தொண்டையில் கத்துமே, அப்படி இருந்தது. பெரியவர்கள் அப்படியும் அழுவார்கள் என்று தெரிந்துகொண்ட பயம், கடலைப் பார்த்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தோணிக்காரப் பெரியவர் தாடியிலிருந்த நீரைப் பிழிந்தார். "வீட்டுக்குப் போம்மா. ஆண்டவன் ரொம்பச் சுளுவாத் திருப்பி விட்டுட்டான். போ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். தோணி போயிற்று. அத்தை அதைப் பார்க்கவே இல்லை. சிவகாமியின் பாதங்களைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பின்னால் என்னையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். உடுப்பு காயும்வரை மூவரும் அப்படியே கிடந்தோம்.

வெயில் தாழ்ந்தபோது பஸ் கண்டக்டர் எங்களைத் தேடி மணலில் நடந்து வந்தார். காலையில் எங்களை இறக்கிவிட்ட அதே ஆள். அத்தையைக் கண்டதும் திகைத்து நின்றார்.

"என்னம்மா, நீங்களும் வாரீகளா? பிள்ளைக ரெண்டு பேரு மட்டும்தான் இருப்பாக, நானே வந்து கூட்டிட்டுப் போயி ஊருல விட்டுறணும்னு காலையில அவ்வளவு தடவை சொன்னீகளே?"

அத்தை எங்கள் இருவரையும் எழுப்பி நிறுத்தினாள். "நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து வந்த முதல் சிரிப்பு. நாள் முழுக்க ஆள் எண்ணுவதுதான் அவர் வேலை, அந்த மனிதருக்கு மூன்று பேர் வந்தோம் என்பது மறந்துவிட்டதே! பஸ்ஸில் சிவகாமியின் காதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் அம்மாவின் புடவையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

சிவகாமியின் அப்பா அதற்குப் பிறகும் வரவில்லை. அத்தை தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்து அவளை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள், பேரப்பிள்ளைகளையும் பார்த்தாள். தொண்டி என்ற பேச்சை அவள் எடுத்து நான் கேட்டதில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், அம்மா மணல் போகத் தலைக்கு ஊற்றித் துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருக்க, நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். தண்ணீரில் விழுந்ததற்குத் திட்டினாள், தெய்வத்தைக் கும்பிட்டாள். கடைசியாகக் கண்டக்டர் கதையைச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். துவட்டிய கை நின்றுவிட்டது.

"அவரு அப்படியா சொன்னாரு?"

"ஆமாம்மா, ரெண்டு பிள்ளைக மட்டும்தான்னு சொன்னீகளேன்னாரு. கணக்கே தெரியல அவருக்கு."

அம்மா துண்டை என் தலையிலேயே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்று அவள் திரும்பவே இல்லை. அப்பாதான் சோறு போட்டார். வேடிக்கையை முழுசாகக் கேட்காமல் போய்விட்டாளே என்று எனக்குக் கோபம். அத்தை என்னை எதற்காக அழைத்துப் போனாள் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. கடலைக் காட்டத்தான் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.