நல்ல வீடு முதலில்

கரமனையில் எங்கள் தெருவில் துளசி இல்லாத வீடு என் வீடு ஒன்றுதான். பக்கத்து வீட்டு மாமிகள் முதலில் ஜாடையாகவும் பிறகு நேராகவும் கேட்டுப் பார்த்தார்கள். நோய் பிடித்த செடிகளோடு பகல் முழுக்கப் புழங்கிவிட்டு வருகிறவள் வீட்டில் எந்தச் செடியும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. திமிர் என்று நினைத்தார்கள். கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

தாவர நோயியல் என் பாடம். வேளாண்மைக் கல்லூரியில் வாழையின் முடிக்கொத்து நோய் என் பொறுப்பு. அந்த நோய் வந்தால் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். குலை வராது. மருந்து கிடையாது. அசுவினி என்கிற சின்னப் பூச்சி ஒரு வாழையிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுபோகும்.

கல்லூரித் தோட்டத்தில் வலையடித்த கூடங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் நோயில்லாத தாய்வாழைகள். மற்றதில் நோயுள்ள வாழைகளையும் அசுவினிகளையும் ஆராய்ச்சிக்காக வளர்த்தோம். தண்ணீர், உரம் எல்லாம் வேளாவேளைக்கு. நோயைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் உத்தியோகம்தான். தோட்டத்து ஆட்கள் ஒன்றை நல்ல வீடு என்றும் இன்னொன்றைச் சீக்கு வீடு என்றும் சொல்வார்கள். விதி ஒன்றே ஒன்று: நல்ல வீட்டுக்குப் போய்விட்டுத்தான் சீக்கு வீட்டுக்குப் போக வேண்டும். சீக்கு வீட்டுக்குள் போனவர் அன்று நல்ல வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

நல்ல வீட்டில் இருந்தவை செந்துளுவன் வாழைகள். வெளியூர்க்காரர்கள் செவ்வாழை என்பார்கள். அத்தனையும் ஒரே விவசாயியின் தோட்டத்து வம்சம். பாறசாலைப் பக்கத்துக்காரர். காற்றுக்குச் சாயாத, தடித்த தண்டுள்ள ரகம் அவருடையது. வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் முடிக்கொத்து வந்து அந்தத் தோட்டம் போயிற்று. முழுதும் போவதற்குள் கன்றுகளை எடுத்து வந்து, குருத்து நுனியைக் கடுகளவு வெட்டி, கண்ணாடிக் குழாயில் வளர்த்தோம். பெரும்பாலானவை செத்தன. தேறியவற்றிலும் பாதிக்கு மேல் நோய் இருந்தது; அவை சீக்கு வீட்டுக்குப் போயின. வருஷங்கள் போராடித்தான் சுத்தமான சிலவற்றை எடுத்தோம்.

அவர் மண்ணில் வாழையே இல்லை. அந்த ரகம் எங்கேயாவது ஆரோக்கியமாக இருந்தது என்றால் அது எங்கள் வலைக்குள்தான். ஓணத்துக்கு ஓணம் வருவார். கதவுக்கு வெளியே நின்று பார்ப்பார்.

"எப்பம் தருவிய டீச்சரே?"

"அடுத்த மழைக்கு" என்பேன்.

அந்த அடுத்த மழை நெருங்கியபோதுதான் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதுத் துணைவேந்தர் வந்தார். என் வகுப்புத் தோழன், எங்கள் பக்கத்துத் தெருப் பையன், என்னைப் போலவே நோயியல் படித்தவன். தனியாக இருந்தால் நீ, நாலு பேர் முன்னால் சார். நல்ல வீட்டுக் கதவில் அந்த விதியைச் சிவப்புப் பெயிண்டால் எழுதியவனே அவன்தான். பிறகு நிர்வாகப் பக்கம் போய்விட்டான். வருஷக்கணக்காக அவன் கையில் வாழை இலை இல்லை, மைக் இருந்தது.

பதவியேற்ற வாரம் தோட்டத்துக்கு வந்தான். பத்திரிகைக்காரர்கள், அதிகாரிகள், கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. கூடங்களுக்கு முன்னால் நின்று வந்தவர்களுக்கு விளக்க ஆரம்பித்தான். மேடையில் பேசுகிறவனுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நோயைக் காட்ட வேண்டும், அப்புறம் தீர்வைக் காட்ட வேண்டும். அந்த வரிசையில் நேராகச் சீக்கு வீட்டுக்குள் நுழைந்தான்.

"சார், நல்ல வீடு முதல்ல" என்றேன் பின்னாலிருந்து.

"டீச்சர் இப்பவும் ஸ்ட்ரிக்ட்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே ஒரு வாழையை அணைத்துப் பிடித்து, இலைக்காம்பை வளைத்து, கரும்பச்சைக் கீற்றுகளைக் காமிராவுக்குக் காட்டினான். நன்றாகத்தான் விளக்கினான், படித்தவன் அல்லவா. வெளியே வந்து நல்ல வீட்டை நோக்கி நடந்தபோது நான் முன்னால் ஓடிக் கதவை மறித்து நின்றேன்.

"இன்னிக்கு வேண்டாம் சார். நாளைக்குக் காட்டிக்கலாம்."

"நீ எனக்கே சொல்லித் தர்றியா?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு உரக்க, "ஸாரமில்லை, ஒண்ணும் ஆகாது, ஒரு நிமிஷம்" என்றான். ஒரு அதிகாரி என் தோளை மெல்லத் தள்ளினார். அவன் எழுதிய விதிக்குக் கீழேயே குனிந்து, அதே பொன்னாடையோடு உள்ளே போனான். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்த மழைக்காலத்திலேயே, நல்ல வீட்டில் ஒரு கன்றின் காம்பில் அந்தக் கீற்றைப் பார்த்தேன். வேறு எதுவாகவாவது இருக்கட்டும் என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதுதான். வேட்டியில் ஒட்டி வந்ததா, பொன்னாடையிலா, யாரால் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கூடத்துக்குள் வேறு எவரும் அப்படி வரிசை மாறிப் போனதில்லை.

அவன் அறைக்குப் போய்ச் சொன்னேன். முன்னாலிருந்த கோப்பை மூடினான்.

"மத்ததெல்லாம் நன்னாத்தானே இருக்கு?"

"இன்னிக்கு இருக்கு."

அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொற்றிய நோய் வாரக்கணக்கில் வெளியே தெரியாது, அந்தக் காலத்துப் பரிசோதனையிலும் அகப்படாது. ஒன்றில் கண்டால் கூடத்தையே காலி செய்ய வேண்டும்.

"எல்லாத்தையும் எடுத்துடு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எடுக்கும் நாளில் அவன் வரவில்லை. அசுவினி பறந்துவிடாதபடி முதலில் மண்ணெண்ணெய் தெளித்தோம். பிறகு கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக நறுக்கி, எரித்தோம். பச்சை வாழை சுலபத்தில் எரியாது. புகைந்துகொண்டே கிடந்தது. நான் அழுதேன். ஆட்கள் புகை என்று நினைத்திருப்பார்கள். விவசாயிகளுக்குக் கன்று விநியோகம் தொழில்நுட்பக் காரணங்களால் தள்ளிப்போகிறது என்று அவன் பத்திரிகைக்குச் சொன்னான்.

விவசாயியிடம் மறுபடி முயல்வோம் என்றேன். முயன்றோம். சீக்கு வீட்டு வாழைகளிலிருந்து குருத்து நுனியை எடுத்து எடுத்து வளர்த்தோம். ஒன்றுகூடச் சுத்தமாக வரவில்லை. அதற்குள் அவன் பதவி முடிந்து ஓய்வுபெற்றுப் போனான். என்னை டீன் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். புது ஆராய்ச்சிகளுக்கு இடம் வேண்டும் என்று அந்த முயற்சி நிறுத்தப்பட்ட பிறகு, ஒரு ஓணத்துக்கு முன் விவசாயி என் அறைக்கு வந்தார். நரைத்திருந்தார். இனி நம்பிக்கை இல்லை என்று சொன்னேன்.

"ஒரெண்ணம்கூட மிச்சம் இல்லியா?"

"சீக்கு வாழை இருக்கு. உங்க தோட்டத்துலேர்ந்து வந்ததுதான். ஆராய்ச்சிக்கு வச்சிருக்கோம்."

"அதையாவது காட்டுவியளா?"

கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பளவுகூட இல்லாத வாழைகள், இலைகள் விறைத்து மேல்நோக்கி நின்றன. அவர் குந்தி உட்கார்ந்து ஒன்றின் அடித்தண்டைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு அப்படியே இருந்தது.

"எனக்க வாழைதான்" என்றார். "தண்ணி ஊத்துதியளா?"

"தினமும்."

வெளியே வந்ததும் பழக்கதோஷத்தில் சட்டையை உதறச் சொன்னேன். குழாயைத் திறந்து சோப்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எங்க தோட்டத்துல இப்பம் வாழை இல்ல டீச்சரே. எதுக்காக்கும் களுவணும்?"

என்னிடம் பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் கூசியது.

"பக்கத்துத் தோட்டத்துல இருக்குமே."

அவர் சட்டையைக் கழற்றி நன்றாக உதறினார். சோப்பை வாங்கி முழங்கைவரை போட்டுக் கழுவினார்.