மேல்பல்லும் அக்காவின் கண்ணும்

சென்னைப் பட்டணத்தில் ஒரு பல் டாக்டரிடம் தொழில் கற்கக் கிளம்பியபோது, "ஊரார் எச்சி வாயில கைய விடுற பொழப்பா ஒனக்கு?" என்று கேட்காத உறவில்லை. கேட்டால் கேட்கட்டும். அக்காவின் கன்னம் வீங்கிக் கிடந்தபோது இவர்களில் ஒருவராவது அவள் வாயைத் திறந்து பார்த்தாரா?

மேல் கடைவாய்ப் பல். ராஜபாளையத்தில், புகுந்த வீட்டில், அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை என்று ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். கிராம்பு வைத்தாயிற்று, கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு வாய்க்குள் புகையும் பிடித்தாயிற்று. பல்லில் புழுவாம், புகைக்கு உதிர்ந்துவிடுமாம்! வீக்கம் மேலே ஏறி ஒரு கண்ணை மூடிவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"பல்லப் பிடுங்கிட்டா என்ன அத்தான்?"

"மேல்பல்லப் பிடுங்கினா கண்ணு அவிஞ்சு போகும் மாப்ளே. ஒத்தக் கண்ண வச்சு எப்படிக் குடும்பம் நடத்துவா?"

"உசிரு போனா மட்டும் நடத்துவாளோ?" என்று கத்திவிட்டு வண்டியைப் பூட்டினேன். ஏசிக்கொண்டே அவரும் ஏறினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்த மாத்திரத்தில், "சீழ் தலைக்கு ஏறினால் பிழைக்கமாட்டாள்" என்று குறடை எடுத்தார். அக்கா வாயை இறுக்கிக்கொண்டாள்.

"கண்ணு போச்சுன்னா எம்புள்ள மொகத்த எப்படிலே பாப்பேன்?"

நானும் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தானே! ஆனாலும் அவள் தலையை என் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தேன். "அந்தப் புள்ளைக்காகவாவது வாயத் தொற அக்கா!" என்று கெஞ்சினேன். திறந்தாள். பல் வேரோடு வந்தது, பின்னாலேயே நாற்றமெடுத்த சீழும் வந்தது.

அதற்குப் பிறகுதான் நரகம். காய்ச்சல் இறங்கியது, இமை பிரியவில்லை. "குருடியாக்கிட்டியேலே, பாவி!" என்று அத்தான் மார்பில் அடித்துக்கொண்டார். கண் திறக்குமா, திறக்காதா என்று எனக்கு என்ன தெரியும்? கண் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, அந்த டாக்டருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தாக வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன். இப்படித் தெரியாமல் பயந்து சாகிற பிழைப்பு இனி வேண்டவே வேண்டாம்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு இமை கீற்றாகப் பிரிந்தது. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அக்கா நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றதால் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க எதுக்கு அழுகுறீக?" என்றாள்.