உதயராஜ் விட்டுப்போன ஆல்பம்

புளத்கொகுபிட்டிய பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள் கோகிலா. அவளுடைய தம்பி உதயராஜ், கொழும்பில் சமீர என்ற சிங்கள நண்பனோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் இசை செய்துவந்தான். பாட்டும் தாளமும் இல்லாத இசை அது. போன மாசியில் அவிசாவளை வீதியில் லொறி மோதி அவன் இறந்துபோனான். கோகிலா அழவில்லை. மறுவாரமே வேலைக்குப் போனாள். சனம் அதையும் பேசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமீர, தோட்டத்து லயத்திலிருந்த அவள் வீட்டுக்கு வந்தான். ஆல்பம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. அதற்குள் ஏதோ ஒன்று நீண்டு நீண்டு ஒலித்தது.

"இது என்ன சத்தம்?"

"இது நீங்கதான் அக்கா. 'தம்பி, சாப்பிட வா'ன்னு நீங்க கூப்பிட்டத உதயா போன்ல புடிச்சு வச்சிருந்தான். அத இழுத்து இழுத்து இப்புடி ஆக்கினோம். வேணாம்னா எடுத்துர்றேன்."

அது தன் குரலென்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பியின் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. எதிரே சமீர அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு அது வேறு யார் வீட்டுத் துக்கமோ போலிருந்தது.

"இருக்கட்டும். அவன் வச்சதுதானே," என்று சொல்லி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

ஆல்பம் வெளிவந்ததும் சமீர அதை அவள் போனுக்கு அனுப்பினான். மாலையில் சமைக்கும்போது ஓடவிடுவாள்.

"என்னடி, பாட்டே வரலியே?" என்று பக்கத்து வீட்டு அன்னலட்சுமி ஒருநாள் கேட்டாள்.

"இதுல பாட்டு வராதுக்கா," என்று சொல்லிவிட்டு கோகிலா அரிசி களைந்தாள்.