இரண்டு முறை ஓட்டச் சொல்லும் வின்னி

ரயில் பங்காருபேட்டை வருவதற்குள் வாழைப்பழத்தை முடித்துவிட்டு, விரல்களைத் துடைத்தபடி, "யாருக்கு இன்னா டவுட்டு? இப்பவே கேளுங்க. ஆபீஸ்ல நான் ரொம்ப பிஸி" என்கிறார் வின்னி.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஆராய்ச்சி இதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் கம்பெனி. அங்கே லேடெக் என்றொரு மென்பொருள்; கட்டளைகளோடு எழுதி ஓட்டினால் பக்கத்தை அதுவே அடுக்கிக் கொடுக்கும். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஊர்க்காரர்கள் ரயிலில் வின்னியைச் சுற்றித்தான் உட்காருவார்கள். எனக்கும் லேடெக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்களின் கேள்வியையும் வின்னியின் பதிலையும் காதில் வாங்கவே எதிர் சீட்டைப் பிடிக்கிறேன்.

"வெச்ச எடத்துல படம் நிக்க மாட்டேங்குதுக்கா" என்றான் புதியவர்களில் ஒருவனான டக்ளஸ் ஒருநாள்.

"பங்காருபேட்டைல ஏர்றவன் கேட்ட சீட்டுலயா உக்கார்றான்? எடம் கீற பெட்டிக்குப் போறான். படமும் எடம் கீற பக்கத்துக்குப் போவுது. உடு, தொரத்தாத."

தன் பதில்கள்மேல் வின்னிக்குக் கொள்ளை ஆசை. சொல்லிவிட்டு, யார் யார் சிரித்தார்கள் என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். அடுத்தவர் லேப்டாப்பை மட்டும் தொடமாட்டார். "தப்பு உன்னுது, நீயே திருத்து."

நேற்று, புதியவர்களில் இன்னொருத்தியான ராதிகாவின் முகம் சரியில்லை. பயிற்சி முடிந்து, அன்று ஆபீஸ் போனதும் பரீட்சை. தான் அமைத்த பக்கங்களோடு போக வேண்டும், தேறினால்தான் வேலை.

"'படம் 3-ஐப் பார்க்க'ன்னு நம்பர் வர்ற எடத்துல எல்லாம் கேள்விக்குறியா வந்துச்சுக்கா. பயந்துபோய் எல்லா நம்பரையும் கையாலயே அடிச்சிட்டேன்."

வின்னி தலையில் அடித்துக்கொண்டார். "நடுவுல ஒரு படம் சேக்கச் சொன்னா அத்தினி நம்பரும் மாறுமே, இன்னா பண்ணுவ? எத்தினி வாட்டி ஓட்டுன?"

"ஒரு வாட்டி."

"சுரங்கத்துல மொத ஷிஃப்ட்டு வெடி வெக்கும், அடுத்த ஷிஃப்ட்டுதான் கல்ல அள்ளும். இதுவும் மொத ஓட்டத்துல எண்ணி வெச்சிக்கும், ரெண்டாவதுலதான் நம்பர் போடும். கையால அடிச்சதெல்லாம் தூக்கு. கட்டளைய திரும்பப் போடு."

வழியெல்லாம் ராதிகா லேப்டாப்பில் அழித்து அழித்து எழுதினாள். இறங்க வேண்டிய கன்டோன்மென்ட் நெருங்கியது. ரயில் நிற்கும் முன்பே வாசலில் போய் நிற்கிற வின்னி எழுந்திருக்கவில்லை.

முதல் முறை ஓட்டினாள். பக்கமெங்கும் கேள்விக்குறி.

"பாத்தியா, சரியாத்தான் வருது" என்று வின்னி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

ராதிகா மறுபடி ஓட்டினாள். கேள்விக்குறிகள் போய், எல்லா இடத்திலும் எண்கள்.

"அக்கா, பாருக்கா!"

வின்னி பார்க்கவில்லை. ராதிகாவின் முழங்கையை இறுகப் பிடித்தபடி, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டிருந்தார்.