குதிரைவீரன் முகத்தில் ஒரு கீறல்

2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுநகரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரத்தில் நண்பர் வீட்டுக்குப் போனேன். இருவருக்கும் ஒரே பைத்தியம்: சித்திரக்கதை நாயகர்களைப் பொறித்த வெள்ளிக் காசுகள். கடையில் செல்லாது, சேகரிப்பவர்களுக்கென்றே அச்சடிப்பவை.

நண்பர் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு போன் பேச வெளியே போனார். அதிலிருந்த குதிரைவீரன் காசில் தூசுகூட இல்லை. என் பையிலிருந்த அதே காசில் முகத்தின் குறுக்கே கீறல். மாற்றி வைத்தேன்.

திரும்பி வந்து காசைப் பார்த்தவர், உள்ளே நோக்கிக் கத்தினார்.

“ஏய், இதயும் விபூதி போட்டுத் தேச்சியா?”

அவர் மனைவி காபியோடு வந்து திகைத்து நின்றார். “பொங்கலுக்கு வெள்ளிச் சாமானெல்லாம் தேச்சங்க. இதயும் சேத்துத் தேச்சிட்டன் போல.”

“உனுக்கு என்னதான் தெரியும்? அண்ணன் எதிர்ல மானம் போவுது!”

கலங்கிய கண்களோடு அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். “காபி ஆறிடப் போவுது. குடிங்கண்ணா.”

குடித்தேன்.

ஒவ்வொரு காசும் வந்த தேதியையும் விதத்தையும் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். அந்தக் காசுக்கு நேரே அன்று மாலையே ‘பரிமாற்றம்’ என்று எழுதினேன். அழகான கையெழுத்து. இன்றும் நோட்டைப் புரட்டினால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறேன்.