முப்பத்தேழாம் நம்பர் கால்

தோழியின் கல்யாண ரிசப்ஷனுக்குப் போக மகள் புதுச் செருப்பு வாங்கி வந்து, பெட்டியை நடுக்கூடத்தில் பிரித்தாள். குப்பென்று சொல்யூஷன் வாசம். ஒட்டுகிற பசைதான். உங்களுக்கெல்லாம் அது புதுச் செருப்பு வாசம், எனக்கு அது தலைவலி.

"நல்லா இருக்காம்மா? முன்னாடி கொஞ்சம் புடிக்குது, பரவால்ல. ஸ்டைலா இருக்குல்ல?" என்றாள். நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஒரு காலத்தில் என் காலுக்கு வெளிநாட்டிலேயே மதிப்பு இருந்தது என்றால் இவள் சிரிப்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நூம்பலில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லேடீஸ் ஷூ கம்பெனி இருந்தது. எல்லாம் ஏற்றுமதிச் சரக்கு, உயரமான குதி, கூரான மூக்கு. அதைச் செய்கிற நாங்கள் மட்டும் ரப்பர் செருப்பை வாசலில் குவித்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். தரை அழுக்காகிவிடுமாம். சாயங்காலம் அந்தக் குவியலில் தன் ஜோடியைத் தேடி எடுப்பதற்குள் கஸ்தூரிக்குப் பஸ் போய்விடும்.

கஸ்தூரி கரையான்சாவடிக்காரி. பசை மேஜையில் எனக்கு அடுத்த இடம். மத்தியானத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுக்கும். "சோத்துல கூட சொல்யூஷன் நாறுதுடி" என்று டிபன் டப்பாவை மூடி வைத்துவிடுவாள்.

ஒருநாள் மாஸ்டர் வந்து, "முப்பத்தேழு நம்பர் காலு யாருக்கு கீது?" என்றார். எங்கள் இருவருக்குமே அதே அளவுதான். ஏனோ என்னைக் கூப்பிட்டார். புது மாடல்களை முதலில் அந்த அளவில்தான் செய்வார்கள். வாங்க வருகிற வெள்ளைக்கார மேடம் முன்னால் யாராவது அதைப் போட்டு நடந்து காட்ட வேண்டும். மாடியில் சாம்பிள் ரூம். ஃபேன் உண்டு, ஜன்னல் உண்டு, பசை நாற்றம் கிடையாது. எனக்கு அது போதும். மாஸ்டர் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுத்தார்.

"மேடம் இன்னா கேட்டாலும், இடுப்புல கை வெச்சிக்கினு, சிரிச்சிக்கினே கம்ஃபர்டபிள்னு சொல்லு. வேற ஒண்ணியும் பேசாத."

சொன்னேன். பிடிக்கவும் செய்தது. அந்தக் குதிமேல் ஏறினால் மாஸ்டரின் வழுக்கை முழுசாகத் தெரியும், அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்புறம் வந்தது அந்தச் சிவப்பு மாடல். மூக்கு அவ்வளவு குறுகல். என் கால் நீளத்தில்தான் முப்பத்தேழு, அகலம் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்களின் அகலம். சுவர்வரை போய்த் திரும்புவதற்குள் சுண்டுவிரல் கிழிந்து ரத்தம். மேடம் வழக்கம்போலக் கேட்டாள். எங்கிருந்துதான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ, "இல்ல மேடம், வலிக்குது" என்று விரலைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ஷூவைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு மாஸ்டரோடு வெகுநேரம் பேசினாள். அகலப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். சீமைப் பெண்களுக்கெல்லாம் நான் நல்லது செய்துவிட்ட பெருமை வேறு.

மேடத்தின் கார் போன பிறகு மாஸ்டர் கோபமே இல்லாமல் சொன்னார்: "மூக்க அகலம் பண்ணா ஸ்டைல் பூடும்மா. நீ கீய போ. கஸ்தூரிய வரச்சொல்லு."

ஷூவை மாற்றவில்லை, காலை மாற்றிவிட்டார்கள். நான் பழையபடி பசை மேஜைக்கு வந்தேன்.

மாடிப்படியில் கஸ்தூரி என்னைப் பார்த்து, "ஒரு வார்த்த சொல்லிக்கினு குந்திருக்கலாம்ல? இன்னா வாயிடி உனுக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஏறிப்போனாள். கம்பெனி மூடுகிறவரை, வருஷக்கணக்கில், எல்லா மாடலுக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். ஜன்னலோரம் அவள் காற்று வாங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது உண்மை.

அந்தச் சிவப்பு மாடல் அடுத்த சீசனே யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. மிச்ச ஜோடிகள் கொல்லையில் கிடந்தன, நாய்கள் இழுத்துப்போயின. இப்போது கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். செருப்பு குவிந்த வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் கரையான்சாவடி கடைத்தெருவில் கஸ்தூரியைப் பார்த்தேன். ஆம்பிளை ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். இரண்டு காலிலும் பெருவிரல் கோணி அடுத்த விரல்மேல் ஏறிக் கிடந்தது. புடைத்த எலும்பு படாமல் இருக்கச் செருப்பின் வாரைப் பிளேடால் அறுத்து, நூலால் கட்டியிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாடி?" என்றேன்.

காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்போடு, "கம்ஃபர்டபிள்" என்றாள்.